பத்தொன்பதாம் எண் யாருடையது?

ஓசுர்கெத்தி,
12 மார்ச் 2006

தம்பி அன்சோர்,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? அந்த ஹாலந்து மழையில் நனைந்து இருமிக்கொண்டுதான் இருப்பாய். இங்கேயும் மழைதான். என் இடது முழங்கால் என் பேச்சைக் கேட்பதில்லை. மற்றபடி உயிரோடு இருக்கிறேன்.

உன் அத்தான் நினைவாக அவர் பெயரில் நடக்கும் சதுரங்கப் புதிர்ப் போட்டிக்கு நான்தான் நடுவர் என்று போனில் சொன்னேன் அல்லவா? ஒருவழியாக முடித்துவிட்டேன். கழகத்துக் கார்லோ வழக்கம்போல் அனுப்பியவர்களின் பெயர்களை மறைத்து, எண் மட்டும் போட்டுக் கொடுத்தான். பாதிக்கு மேல் குப்பை. ஒருவன் ராணியை நடுப்பலகையில் நிறுத்திவிட்டு 'வெள்ளை வெல்ல வேண்டும்' என்கிறான். என் பூனைகூட வென்றுவிடும்.

ஆனால் பத்தொன்பதாம் எண்! வெள்ளையிடம் ராஜா, யானை, ஒரே ஒரு சிப்பாய். எதிரே ராஜா, மந்திரி, குதிரை. எல்லோரும் ராஜாவைச் சிப்பாயிடம் ஓட்டுவார்கள். இங்கே ராஜா சிப்பாயை அம்போ என்று விட்டுவிட்டு, எதிர்மூலைக்கு நடந்து போகிறது. பைத்தியக்காரத்தனம். பிறகு திரும்பி வருகிறது. அது வந்து சேரும்போது கறுப்புக்கு நகர்த்த ஒரு நல்ல கட்டம்கூட மிச்சமில்லை. மூன்று நாள் பலகையைக் கலைக்கவில்லை. அதே மேஜையில்தான் சாப்பிட்டேன். கண்ணீர் வந்துவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். 'கஷ்டப்பட்ட மனிதர் ஒருவருடைய கை இதில் தெரிகிறது' என்று தீர்ப்பில் எழுதினேன். முதல் பரிசு அதற்குத்தான். நாளை பெயர்களைத் திறப்பார்கள்.

மப்ளர் போட்டுக்கொள்.

அக்கா எதேரி


ஹார்லெம்,
2 ஏப்ரல் 2006

அன்புள்ள அக்கா,

இருமல் போய்விட்டது. முழங்காலுக்கு ஒரு களிம்பு அனுப்பியிருக்கிறேன், பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்துவிடாதே.

இந்நேரம் உனக்குத் தெரிந்திருக்கும். பத்தொன்பதாம் எண் என்னுடையது! உன் கடிதத்தைப் படித்துவிட்டு லிஃப்ட் ரிப்பேருக்குப் போன இடத்தில் இரண்டு மாடிகளுக்கு நடுவே உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். பெயர் மறைக்கிற போட்டி என்பதால் உன்னிடம் முன்பே சொல்லவில்லை. சொல்லியிருந்தால், தம்பிக்குப் பரிசு கொடுத்தாள் என்று ஊர் வாயை மூட முடியுமா?

'கஷ்டப்பட்ட மனிதருடைய கை.' அப்படியே எழுதிவிட்டாயா அக்கா? அந்தப் பக்கத்தை நகல் எடுத்து அனுப்பு. இங்கே கழகத்தில் காட்ட வேண்டும்.

வேறு விசேஷம் இல்லை.

உன் தம்பி அன்சோர்


ஓசுர்கெத்தி,
25 ஏப்ரல் 2006

அன்சோர்,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. ஈஸ்டருக்கு மறுநாள் உன் அத்தான் கல்லறைக்குப் போனோம். வழக்கப்படி கல்லறை மேல் சிவப்பு முட்டையை உருட்டினேன், ஒயினை ஊற்றினேன், அவரிடமே கேட்டுவிட்டேன்: "வர்லாம், இவன் என்ன வேலை பண்ணியிருக்கான் பாத்தியா?"

கார்லோ பெயர்களைத் திறந்தபோது எனக்கு நாற்காலி தேவைப்பட்டது. அது உன்னுடையதா? அன்சோர், உனக்கு நான்தான் சதுரங்கம் சொல்லிக் கொடுத்தேன். ஒரு யானையைக்கூட ஒழுங்காக இழக்கத் தெரியாதவன் நீ. ஆட்டம் தோற்கப் போகிறது என்றால் பலகையில் முழங்கையை இடித்துவிட்டு 'ஐயோ, தெரியாம பட்டுடுச்சு' என்பாய். முப்பது வருடத்தில் ஒரு புதிர் அமைத்ததில்லை. திடீரென்று ராஜாவை எதிர்மூலைக்கு நடத்துகிறாயா?

அப்படி நடத்தத் தெரிந்த ஒரே மனிதர் மண்ணுக்குள் இருக்கிறார். அவர் அடக்கத்துக்கு வந்தவன் நாற்பதாம் நாள் விருந்து வரைக்கும் தங்கினாய். எந்த அறையில் தூங்கினாய்? அவருடைய அறையில். நானே படுக்கை போட்டேன். அவர் புதிர்கள் எழுதி வைத்த காகிதங்கள் அங்கேதான் மூட்டை மூட்டையாகக் கிடந்தன.

மேலே எழுத எனக்கே கூசுகிறது. ஆகஸ்ட் பதினைந்து வரைக்கும் ஆட்சேபம் அனுப்பலாம் என்று தீர்ப்பில் இருக்கிறது. அதற்குப் பிறகு கடவுளே வந்தாலும் மாற்ற முடியாது, போட்டிப் புத்தகத்தில் உன் பெயர்தான் அச்சாகும். அதற்குள் நீயாகவே எழுதிவிடு. நான் எழுதும்படி வைக்காதே.

எதேரி


ஹார்லெம்,
10 மே 2006

அக்கா,

நீ நலமாக இருக்க வேண்டும் என்றுதான் எழுத ஆரம்பிக்கிறேன். அதற்கு மேல் பொறுமை இல்லை.

நான் திருடனா? நாற்பது நாள் சவரம் செய்யாமல், உன் வீட்டுக்கு வந்த ஒவ்வொரு கிழவனுக்கும் நாற்காலி தூக்கிப் போட்டுக்கொண்டு, சமையலறையில் வால்நட் இடித்துக் கொடுத்துக்கொண்டு இருந்தேனே, அப்போது எந்தக் காகிதத்தைத் தொட்டேன்? அந்த மூட்டைகளை நான் பிரித்துப் பார்க்கவே இல்லை. அவர் தலையணையில் தலை வைக்கவே பயமாக இருந்தது, தரையில் படுத்தேன். உன்னிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

எனக்கு ஒரு நல்ல காரியம் நடந்தால் உனக்குப் பொறுக்காதா? நம் அம்மா மேல் ஆணையாக, அத்தானுடைய ஒரு காகிதத்தைக்கூட எடுக்கவில்லை. எப்படி அமைத்தேன் என்பது என் பாடு. சரியாக இருக்கிறதா, இல்லையா? சரியாக இருக்கிறது. கார்லோவும் சோதித்துவிட்டான். பிறகென்ன?

களிம்பு வந்ததா என்றுகூட எழுதவில்லை நீ.

அன்சோர்


ஓசுர்கெத்தி,
1 ஜூன் 2006

அன்சோர்,

களிம்பு வந்தது. நாற்றம் தாங்கவில்லை, ஆனால் வலிக்குக் கேட்கிறது.

அம்மாவை இதில் இழுக்காதே. நீ சின்ன வயதில் செர்ரி மரம் ஏறவில்லை என்று அம்மா மேல்தான் ஆணையிட்டாய், சட்டையெல்லாம் சிவப்பாக இருந்தது.

நான் உன் அக்காவாக அல்ல, நடுவராகக் கேட்கிறேன். ஒரு புதிர் அமைக்கிறவன் கடைசியிலிருந்து பின்னோக்கி வருவான். நீ எந்த நிலையிலிருந்து ஆரம்பித்தாய்? குதிரையை முதலில் எந்தக் கட்டத்தில் வைத்தாய், ஏன் மாற்றினாய்? எத்தனை முறை தீர்வில் ஓட்டை விழுந்தது? எதைத் தூக்கி எறிந்தாய்? உன் அத்தானைக் கேட்டிருந்தால் ஒரு மணி நேரம் வாய் ஓயாமல் சொல்லியிருப்பார், சூப் ஆறிப்போயிருக்கும். நீ 'என் பாடு' என்கிறாய். ஒரு பாடும் படாதவன்தான் அப்படிச் சொல்வான்.

நேற்று கார்லோ வந்தான். "அக்கா, எதுக்கு இந்த ரோதனை? உங்க தம்பி, உங்க வீட்டுக்காரர், எல்லாம் ஒரே குடும்பம்தானே" என்றான். "உன் வீட்டுப் பன்னியை உன் மச்சான் ஓட்டிட்டுப் போனாலும் இதையே சொல்லுவியா?" என்று கேட்டேன். தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அவர் பெயரில் நடக்கும் போட்டி, அவருடைய கடைசிப் புதிர், அதன் கீழே வேறு பெயர். அதைப் பார்த்துக்கொண்டு நான் இருக்க மாட்டேன். கேட்டதற்குப் பதில் எழுது.

எதேரி


ஹார்லெம்,
28 ஜூன் 2006

அக்கா,

இந்தக் கடிதத்தை ஆரம்பித்து ஆரம்பித்துக் கிழித்துப்போட்டேன். அதனால்தான் தாமதம். உடம்புக்கு ஒன்றுமில்லை.

நான் குதிரையை எங்கும் வைக்கவில்லை. எதையும் தூக்கி எறியவில்லை. கம்ப்யூட்டர்தான் கொடுத்தது.

பலகையில் மொத்தம் ஆறு காய்களோ அதற்குக் குறைவாகவோ இருந்தால், எல்லா நிலைகளையும் முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்துவிட்டார்கள் அக்கா. எது வெற்றி, எது டிரா, எத்தனை நகர்த்தலில் என்று எல்லாம் அதில் இருக்கிறது. தப்பே வராது. இங்கே கழகத்தில் ஒரு பையன் அதில் தேடுவதற்கு ஒரு வழி செய்து வைத்திருக்கிறான். நமக்கு என்ன மாதிரி வேண்டும் என்று சொன்னால் தேடிக் கொடுக்கும். நானும் சொன்னேன். வெள்ளிக்கிழமை ஓட விட்டுவிட்டு வேலைக்குப் போனேன், திங்கட்கிழமை வந்து பார்த்தால் ஒரு கை நிறைய நிலைகள். அதில் ஒன்றைப் பொறுக்கினேன். பொறுக்கியது மட்டும் நான்.

அத்தான் பெயரில் போட்டி, நான் ஒன்றும் அனுப்பாமல் இருப்பதா என்று தோன்றியது. பரிசு கிடைக்கும் என்று நினைக்கவே இல்லை. நீயோ அழுதேன் என்று எழுதியிருந்தாய். ஒரு மெஷினுக்காக அழுதாய் என்று எந்தத் தம்பி சொல்வான்?

இப்போது சொல்லிவிட்டேன். நான் திருடவில்லை. விதியிலும் இது கூடாது என்று எங்கும் இல்லை.

அன்சோர்


ஓசுர்கெத்தி,
11 ஜூலை 2006

அன்சோர்,

தலையில் அடித்துக்கொண்டேன். நிஜமாகவே அடித்துக்கொண்டேன், பூனை ஓடிவிட்டது.

கம்ப்யூட்டர் பெட்டியா? திருடினேன் என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு தகரப் பெட்டி மேல் பழியைப் போடுகிறாயா? இல்லை, நீ சொல்வது நிஜம் என்றால் அது இன்னும் மோசம். முப்பத்தாறு வருடம் அந்த மனிதரோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன். அடுத்த அறையில் காய் வைக்கும் சத்தத்திலேயே இன்றைக்கு வேலை ஓடுகிறதா இல்லையா என்று சொல்லிவிடுவேன். அவர் கை எது, தகரம் எது என்று எனக்குத் தெரியவில்லை என்றால் நான் எதற்கு நடுவர்? எதற்கு அவர் பெண்டாட்டி?

கார்லோவிடம் பேச்சுவாக்கில், பெயர் சொல்லாமல் கேட்டுப் பார்த்தேன், பெட்டி கண்டுபிடித்த புதிருக்குப் பரிசு கொடுக்கலாமா என்று. "எது கண்டுபிடிச்சா என்னக்கா, சரியா இருக்கா இல்லையா?" என்கிறான். நீயும் அதையேதான் எழுதினாய். சரியாக இருக்கிறதாம்! டெலிபோன் டைரக்டரியும்தான் சரியாக இருக்கிறது, அதை யாராவது உட்கார்ந்து படித்து அழுகிறார்களா?

நான் யோசித்தேன். உன் பெட்டிக்குள் கடற்கரை மணல் மாதிரி நிலைகள் கிடக்கும். அது தானாக எழுந்து வந்து எதேரி இதைப் பார்த்து அழுவாள் என்று இந்த ஒன்றை நீட்டியிருக்காது. நீ ஏதோ கேட்டிருக்கிறாய். என்ன கேட்டாய்? பூசி மெழுகாமல், சொல்லுக்குச் சொல் எழுது.

முழங்கால் வீங்கியிருக்கிறது. நீதான் காரணம்.

எதேரி


ஹார்லெம்,
27 ஜூலை 2006

அக்கா,

களிம்பை இரண்டு வேளை தடவு.

நீ கேட்டாய் என்று அந்தப் பையனிடம் போய், நான் அன்றைக்கு அவனுக்கு எழுதிக் கொடுத்த சீட்டு இருக்கிறதா என்றேன். "அதையெல்லாம் யாரு வெச்சுக்குவா" என்றான். சரி, நினைவிலிருந்து எழுதுகிறேன் என்று உட்கார்ந்தேன். இதுதான் கேட்டது:

வெள்ளை ராஜா தன் சிப்பாயை விட்டு விலகிப் போக வேண்டும். செக்கிலிருந்து தப்ப அல்ல, தானாகப் போக வேண்டும். பலகையின் எதிர்மூலை வரை போக வேண்டும். அப்படிப் போகாமல் வேறு எதைச் செய்தாலும் வெற்றி கிடைக்கக் கூடாது. திரும்பி வந்தபின் கறுப்புக்கு நகர்த்துவதே கெடுதலாக இருக்க வேண்டும்.

எழுதி முடித்துவிட்டுப் பார்த்தேன் அக்கா. இது நான் யோசித்தது இல்லை. நான்கு வருடம் முன்பு கிறிஸ்துமஸுக்கு வந்திருந்தேன், ஞாபகம் இருக்கிறதா? நீ முட்டைப் பணியாரம் சுட்டுக்கொண்டு இருந்தாய். அத்தான் எண்ணெய்க் கையோடு ராஜாவைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே கத்தினார். "போடா! வீட்டை விட்டுப் போ! மூலை வரைக்கும் போயிட்டு வா, அப்பதான் உனக்கு வீட்டோட அருமை தெரியும்!" பிறகு குதிரை எங்கிருந்தோ ஒரு செக் கொடுத்துக் கெடுத்துவிட்டது. "மறுபடி ஓட்டை" என்று பலகையைத் தள்ளிவிட்டார். நீ அவரைத் திட்டினாய், நான் சிரித்தேன்.

நான்கு வருடம் அது என் மண்டைக்குள் கிடந்திருக்கிறது. பெட்டியிடம் கேட்டபோது என் சொந்தப் புத்தி என்று நினைத்துக்கொண்டுதான் கேட்டேன். சத்தியமாக.

கார்லோவுக்கு ஃபேக்ஸ் அனுப்பிவிட்டேன். 'பத்தொன்பதாம் எண் வர்லாமுடையது. என் பெயரில் அனுப்பியது தவறு. பெயரை மாற்றவும்.' அவ்வளவுதான் எழுதினேன். பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நீயும் சொல்லாதே. இனி இந்தப் பேச்சு வேண்டாம், எனக்குப் போதும் போதும் என்று ஆகிவிட்டது.

அத்தானின் வருஷ நினைவு விருந்துக்கு வர லீவு கிடைக்கவில்லை.

அன்சோர்


ஓசுர்கெத்தி,
20 அக்டோபர் 2006

அன்புத் தம்பி,

நலமா? இவ்வளவு நாள் எழுதாமல் இருந்தேன். காரணம் கேட்காதே.

வருஷ விருந்துக்கு ஊரே வந்தது. மழை வேறு, கூடாரம் ஒழுகியது. நான்காவது தட்டு வைக்கும்போது கார்லோ எழுந்து, கண்ணாடிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு உன் ஃபேக்ஸை எல்லோருக்கும் படித்துக் காட்டினான். மடையன்! யார் படிக்கச் சொன்னது? பிறகு உன் பள்ளிக்கூடத்துத் தோழன் சிமோன், "செத்த மனுஷனோட புதிரையா திருடினான்? தூ!" என்றான். பக்கத்தில் இருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள்.

நான் வாயைத் திறந்திருக்கலாம். 'அவன் திருடவில்லை, பெட்டியில் தேடினான்' என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் பரிசிலிருந்து வர்லாமின் பெயர் போய்விடும். கையில் இருந்த கரண்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு மாதமாக அது எனக்குச் சாப்பாட்டை இறங்க விடவில்லை. நீ ஏனடா முட்டாள் அப்படி மொட்டையாக எழுதினாய்? 'அவர் சொல்லக் கேட்டது' என்று ஒரு வரி சேர்த்தால் உன் பேனா தேய்ந்துவிடுமா?

புத்தகம் வந்துவிட்டது. முதல் பரிசு, வர்லாம். என் தீர்ப்பு ஒரு எழுத்து மாறாமல் அப்படியே இருக்கிறது.

இப்போது புதுத் தொல்லை. கார்லோ தினமும் வருகிறான். "நாப்பது நாள் அந்த ரூம்ல இருந்தவன் ஒண்ணே ஒண்ணோடவா விட்டிருப்பான்? இன்னும் வெச்சிருப்பான்க்கா, கேட்டு வாங்குங்க, ஒரு தொகுப்பே போடலாம்." இவனிடம் நான் என்ன சொல்லட்டும்?

எதேரி


ஹார்லெம்,
12 நவம்பர் 2006

அக்கா,

சாப்பிடு. அதுதான் முதல் விஷயம்.

சிமோன் சொன்னானா? அவன் பத்தாம் வகுப்பில் என்னைப் பார்த்து எழுதியவன். போகட்டும். நீ வாய் திறக்காதது சரிதான். ஒரு வரி சேர்த்தால், 'சொன்னது அவர், வைத்தது யார்?' என்று அடுத்த கேள்வி வரும். கடைசியில் பெட்டியில் போய் நிற்கும். அத்தான் நினைவுப் போட்டியில் முதல் பரிசு ஒரு பெட்டிக்கு என்று அச்சடிப்பார்கள். அதற்கு நான் திருடனாகவே இருந்துவிட்டுப் போகிறேன். ஊரை விட்டுத்தான் வந்துவிட்டேனே.

ஆனால் இன்னும் வேண்டும் என்றால் நான் எங்கே போவேன்? நன்றாக இருக்கிறது கதை! ஒன்றைத் திருடாமலே திருடன் ஆனேன், இப்போது மிச்சத்தையும் கொடு என்கிறார்கள். கார்லோவைப் பார்த்தால் நான் சொன்னேன் என்று காதைத் திருகு.

எனக்கு அந்த ஒன்றுதான் நினைவில் இருந்தது. அத்தான் மேஜையில் கத்தியதெல்லாம் நீதான் கேட்டாய், நான் இல்லை.

அன்சோர்


ஓசுர்கெத்தி,
5 டிசம்பர் 2006

அன்சோர்,

சாப்பிடுகிறேன். முழங்கால் பரவாயில்லை. காலையில் மழை விட்டிருந்தது, வேலிப் பக்கம்வரை நடந்தேன்.

நீ கேட்காததால் நானே சொல்கிறேன், உன் அத்தான் முடிக்க முடியாமல் விட்ட இன்னொன்று. மந்திரியும் இரண்டு சிப்பாயும் ஒரு பக்கம், ஒரு யானை மறுபக்கம். வெள்ளை தோற்காமல் டிரா செய்ய வேண்டும். மந்திரி முதல் நகர்த்தலிலேயே மூலைக்குப் போய்த் தன் சிப்பாய்க்குப் பின்னாலேயே அடைபட்டு நிற்க வேண்டும். பார்க்கிறவன் சிரிக்க வேண்டும். "பெரிய மனுஷன் மாதிரி நடுவுல நிக்காத! ஓரமாப் போய் வாயை மூடிட்டு நில்லு, கூப்பிடுறப்ப வா!" என்று அதைத் திட்டுவார். சில நாள் என்னைத் திட்டுகிறாரோ என்று எட்டிப் பார்ப்பேன். கடைசியில் எல்லாம் போன பிறகு அந்த மூலை மந்திரி மட்டும்தான் காப்பாற்ற வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போகிறவரை முயன்றார். ஒவ்வொரு தடவையும் யானை ஒரு சந்தில் புகுந்து கெடுத்துவிட்டது. என்னிடம் பலகையைக் கொண்டுவரச் சொன்னார், டாக்டர் விடவில்லை என்று நான் கொண்டு போகவில்லை.

இதைச் சொல்லுக்குச் சொல் உன் பெட்டியிடம் சொல். நீயாக எதையும் சேர்க்காதே.

அது நிறையக் கொடுத்தால் நீ பொறுக்க வேண்டாம். எல்லாவற்றையும் அனுப்பு. அவருடையது எது என்று நான் பார்த்துச் சொல்கிறேன்.

அக்கா எதேரி